ஏழு பேருக்கு ஓடியவள்

எங்கள் வீட்டு ஹாலில் டி.வி.க்கு மேலே ஒரு சான்றிதழைச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறார்கள். அறுநூறு மீட்டர் ஓட்டம், உடல்தகுதி மிகச் சிறப்பு என்று என் பெயர் போட்டு, சுற்றிலும் தங்கக் கலரில் கொடி படர்ந்த டிசைன். ஆயுத பூஜை அன்று அம்மா அதற்கும் பொட்டு வைப்பாள். யாராவது வீட்டுக்கு வந்தால் தண்ணீர் கொடுப்பதற்கு முன்னால் அதைக் காட்டிவிடுவாள். நான் பிறந்ததிலிருந்து அறுநூறு மீட்டர் ஓடியதே இல்லை. பஸ்ஸைப் பிடிக்கக்கூட ஓட மாட்டேன். அது போனால் அடுத்ததில் போவேன்.

எனக்கு இப்போது இருபத்து மூன்று வயது. வண்ணாரப்பேட்டையில் ஒரு ஸ்கேன் சென்டரில் எக்ஸ்ரே எடுக்கிறேன். காலையிலிருந்து சாயங்காலம் வரை ஊரார் எலும்பைப் பார்ப்பதுதான் பிழைப்பு. பள்ளிக்கூடத்துப் பெண்கள் கையைத் துப்பட்டாவில் கட்டித் தொங்கவிட்டுக்கொண்டு வருவார்கள். சும்மா பாத்ரூமில் வழுக்கி விழுந்தாள், அதற்கே இப்படி ஆகிவிட்டது என்று அம்மாக்கள் ஆச்சரியப்படுவார்கள். எனக்கு ஆச்சரியமே வராது, எரிச்சல்தான் வரும். அந்தப் பெண் எந்த வயதிலிருந்து ஓடவில்லை, எத்தனை வருஷமாகக் குடைக்குள்ளேயே நடக்கிறாள் என்று எனக்கு அவள் முகத்திலேயே தெரியும். கேட்கிற வேலை என்னுடையது இல்லை, படம் எடுக்கிற வேலைதான். அதனால் கையைப் பலகையில் வைத்து, அசையாதே என்று சொல்லிவிட்டுக் கண்ணாடிக்குப் பின்னால் போய் நின்றுகொள்வேன்.

அந்தச் சான்றிதழ் எனக்கு ஒன்பதாம் வகுப்பில் கிடைத்தது. எங்கள் பள்ளிக்கூடம் திருவொற்றியூரில், மெயின் ரோட்டுக்கும் கடலுக்கும் நடுவில், பெண்கள் மட்டும் படிக்கிற பள்ளி. மேற்கே இருந்து காற்றடித்தால் மணலி ஃபேக்டரி நாற்றம், கிழக்கே இருந்து அடித்தால் கருவாட்டு நாற்றம். இரண்டில் எது பரவாயில்லை என்று வகுப்பில் பட்டிமன்றமே நடக்கும். ஜன்னல் கம்பியை விரலால் தொட்டால் கறுப்பாக ஒட்டும். டெஸ்கைத் துடைத்துவிட்டுத்தான் நோட்டை வைப்போம்.

கிரவுண்டு என்று ஒன்று இருந்தது. நான் ஆறாம் வகுப்பு படிக்கும்வரை அது மண் தரை. அப்புறம் அதில் சிமெண்ட் போட்டுவிட்டார்கள். பிள்ளைகள் யூனிஃபாரம் அழுக்காகக்கூடாதாம். உண்மையில் பக்கத்துக் கல்யாண மண்டபத்துக்கு முகூர்த்த நாளில் கார் நிறுத்த இடம் வேண்டியிருந்தது. திங்கட்கிழமை பிரேயருக்கு நாங்கள் எண்ணெய்க் கறைமேல் வரிசையாக நிற்போம். யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. என் அம்மா சந்தோஷப்பட்டாள், வெள்ளை சாக்ஸ் துவைக்கிற வேலை குறைந்தது என்று.

வாரத்துக்கு இரண்டு பி.டி. பீரியட் உண்டு. டைம்டேபிளில் மட்டும் உண்டு. ஒன்றைக் கணக்கு மிஸ் கடன் வாங்குவார், திருப்பித் தந்ததே இல்லை. இன்னொன்றில் கிரவுண்டுக்குப் போய் வேப்பமரத்து நிழலில் வட்டமாக உட்கார்ந்து ஒருத்தி ஜடையை ஒருத்தி பின்னுவோம். வெயிலில் இறங்கினால் கருத்துவிடுவோம் என்பது எல்லோருக்கும் வேதவாக்கு. அம்மா என்னை வீட்டு வாசலிலிருந்து ஆட்டோ வரைக்கும் குடை பிடித்துக் கூட்டிப்போவாள். ஆட்டோவில் இறங்கினால் பள்ளி கேட். சூரியனை நான் பார்த்ததெல்லாம் பாடப் புத்தகத்தில்தான். வயதுக்கு வந்தபோது மட்டும் உளுந்தங்களியும் நல்லெண்ணெயும் பச்சை முட்டையும் தொண்டை வரை திணித்தார்கள், இடுப்பு பலமாக வேண்டுமென்று. அந்த இடுப்பை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று யாரும் சொல்லவில்லை. குதிக்காதே, ஓடாதே, கால் மேல் கால் போடாதே என்று மட்டும் சொன்னார்கள்.

வியாழக்கிழமை தோறும் பள்ளியில் நீல மாத்திரை தருவார்கள், ரத்தம் ஊற. மிஸ் முன்னாலேயே போட்டுக்கொள்ள வேண்டும். நாங்கள் நாக்குக்கு அடியில் ஒதுக்கி வைத்துக்கொண்டு தலையாட்டிவிட்டு, பாத்ரூமுக்குப் பின்னால் இருக்கிற சாக்கடையில் துப்புவோம். வியாழக்கிழமை மத்தியானம் அந்தச் சாக்கடை நீலமாக ஓடும். மிஸ்ஸுக்கும் தெரியும். எல்லோரும் மாத்திரை சாப்பிட்டதாக டிக் அடித்த நோட்டு பீரோவில் பத்திரமாக இருக்கும். பொய் எழுதுவதை எங்களுக்கு யாரும் தனியாகச் சொல்லித்தரவில்லை, காற்றில் அந்த நாற்றத்தோடு நாற்றமாக அதுவும் இருந்தது.

என் பெஞ்சில் என் பக்கத்தில் உட்காருகிறவள் மட்டும் ஓடுவாள். கடலோரக் குப்பத்துப் பெண். அவள் அம்மா விடியும் முன்னே காசிமேட்டில் மீன் எடுத்து, தலையில் அன்னக்கூடையோடு தெருத் தெருவாக விற்பவள். இவள் கருப்பு, ஒல்லி, முழங்காலில் எப்போதும் ஒரு சிராய்ப்பு. காலையில் கடற்கரை மணலில் ஓடிவிட்டு ஒரு டீயும் ரெண்டு பொறை பிஸ்கட்டும் சாப்பிட்டுவிட்டுப் பள்ளிக்கு வருவாள். மீன்காரர் வீட்டில் தினமும் மீன் குழம்புதானே என்று நான் ஒருமுறை கேட்டேன். விற்றது போக மிஞ்சினால்தான் குழம்பு, அம்மா நன்றாக விற்கிற நாளில் எங்களுக்கு ரசம் என்று சிரித்தாள். எனக்கு அது அப்போது ஜோக்காகத்தான் பட்டது.

அவளுக்கு ஒரே ஒரு ஆசை இருந்தது. வெளியூரில் விளையாட்டு விடுதி ஒன்று உண்டு, ஓட்டத்தில் தேர்வானால் அங்கேயே தங்கிப் படிக்கலாம். எங்கள் வயதுக்கு அந்த வருஷம்தான் கடைசி வாய்ப்பு என்று பி.டி. மிஸ் சொல்லியிருந்தார். அந்த விடுதியின் சாப்பாட்டுப் பட்டியலை மிஸ் விளையாட்டு அறைக் கதவில் ஒட்டியிருந்தார். காலையில் பால், முட்டை, மத்தியானம் கறி, சாயங்காலம் மறுபடி பால், சுண்டல், வாழைப்பழம். அவள் அதை வாய்ப்பாடு மாதிரி மனப்பாடம் செய்து வைத்திருந்தாள். வயதுக்கு வந்த பெண் தொடை தெரிய ஓடுகிறாள் என்று குப்பத்தில் பேசினார்கள். அவள் அம்மா இவளுக்கு ஒரு டிராக் பேன்ட் வாங்கிக் கொடுத்தாள்.

அந்த வருஷம் ஆறு மாதமாக அவளுக்கு மாதவிலக்கு வரவில்லை. அதை ஏதோ பரிசு விழுந்த மாதிரி சொன்னாள். ஓடுவதற்குத் தொந்தரவு இல்லை, துணி துவைக்க வேண்டாம், நிம்மதி என்றாள். எனக்குப் பொறாமையாக இருந்தது. நான் மாதா மாதம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு கிடக்கிறேன், இவளுக்கு மட்டும் எப்படி இந்த அதிர்ஷ்டம் என்று. உடம்பு பட்டினி கிடந்தால் முதலில் அதைத்தான் நிறுத்தும், அடுத்து எலும்பில் கை வைக்கும் என்று எங்கள் இருவருக்கும் தெரியாது. சொல்ல வேண்டியவர்கள் அந்தப் பாடத்தை வீட்டில் படித்துக்கொள்ளச் சொல்லிப் பக்கத்தைத் திருப்பிவிட்டார்கள்.

உடல்தகுதித் தேர்வு என்று ஒன்று வந்தது. ஒவ்வொரு மாணவியும் அறுநூறு மீட்டர் ஓடி, அந்த நேரத்தைப் போனில் அரசாங்க ஆப்பில் ஏற்ற வேண்டும், வீடியோவும் சேர்த்து. எங்கள் கிரவுண்டில் அது ஆறு சுற்று. புதன்கிழமை எங்களை முதல்முறையாக ஓடச் சொன்னார்கள். இரண்டாவது சுற்றில் மூன்று பேர் வாந்தி எடுத்தார்கள், ஒருத்தி மயங்கி விழுந்தாள். நான் ஒன்றரைச் சுற்றில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு எண்ணெய்க் கறைமேல் உட்கார்ந்துவிட்டேன். பதினாலு வயதுப் பெண்கள் ஐம்பது பேர், கிழவிகள் மாதிரி இடுப்பில் கைவைத்து முனகிக்கொண்டு நின்றோம். அந்தக் காட்சியைப் பார்த்து யாருக்காவது வெட்கம் வந்திருக்க வேண்டும். ஹெச்.எம்.முக்கு பயம்தான் வந்தது, பெற்றோர் சண்டைக்கு வருவார்கள் என்று. மறுநாளும் அதற்கடுத்த நாளும் வேலையை முடித்துவிட வேண்டும், ஒரு பெண்ணும் ஃபெயில் ஆகக்கூடாது என்று பி.டி. மிஸ்ஸிடம் சொல்லிவிட்டார்.

பி.டி. மிஸ் கெட்டவர் இல்லை. அவ்வளவு பெரிய பள்ளிக்கு அவர் ஒருத்தர்தான், அவருக்கே முழங்கால் வலி. அவர் ஒரு வழி கண்டுபிடித்தார். ஓட முடிகிறவர்கள் ஓட முடியாதவர்களுக்கும் சேர்த்து ஓடிவிடுவது. பழைய தேர்தல் ஃப்ளெக்ஸை வெட்டி, பின்பக்கத்து வெள்ளையில் மார்க்கரால் நம்பர் எழுதி முதுகில் ஊக்கு குத்தினார்கள். வீடியோவைப் பின்னாலிருந்து எடுத்தால் போதும். எல்லோருக்கும் ரெட்டை ஜடை, மடித்துக் கட்டிய ரிப்பன், ஒரே நீலப் பாவாடை. அவரவர் அம்மாவே வந்தாலும் முதுகை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது. சின்ன வயதில் விளையாட்டில் ஒப்புக்குச் சப்பாணி என்று ஒருத்தியைச் சேர்த்துக்கொள்வோமே, அதுபோல பள்ளிக்கூடம் மொத்தமும் ஒப்புக்குச் சப்பாணி ஆனது.

என் பெஞ்சுக்காரிதான் இருப்பதிலேயே வேகமாக ஓடுகிறவள். ஏழு பேர் அவளைப் பிடித்துக்கொண்டோம். ஒருத்தி பரோட்டா வாங்கித் தருவதாகச் சொன்னாள், ஒருத்தி பழைய ஷூ தருவதாகச் சொன்னாள். நான் அவளுடைய சயின்ஸ் ரெகார்டு நோட்டை முழுக்க எழுதிப் படம் போட்டுத் தருவதாகச் சொன்னேன். என் கையெழுத்து நன்றாக இருக்கும். வியாழக்கிழமை அவள் நான்கு பேருக்கு ஓடினாள். அதே சிமெண்டில், அடி தேய்ந்த கான்வாஸ் ஷூவில், நான்கு தடவை ஆறு சுற்று. ஒவ்வொரு தடவையும் நம்பரை மாற்றிக் குத்துவார்கள், மிஸ் உள்ளங்கையில் கொஞ்சம் குளுக்கோஸ் பவுடர் கொட்டுவார், அவள் நக்கிவிட்டு மறுபடி போய் நிற்பாள். நாங்கள் வேப்பமர நிழலில் உட்கார்ந்து கை தட்டினோம்.

அன்று சாயங்காலம் பெஞ்சில் உட்கார்ந்து, முழங்காலுக்குக் கீழே எலும்பை அழுத்திப் பார்த்தாள். நான் அவள் ரெகார்டு நோட்டில் எலும்புக்கூட்டுக்கு நிழல் அடித்துக்கொண்டிருந்தேன்.

"கால் உள்ள யாரோ ஊசி வெச்சி குத்துற மாரி கீதுடி. பத்து நாளாவே கீது. மிஸ்ஸாண்ட சொல்லிடாத, செலக்சனுக்கு வாணாம்னு சொல்லிடுவாங்கோ."

நான் சொல்லவில்லை. ரகசியத்தைக் காப்பாற்றியதாக நினைக்க வேண்டாம். மறுநாள் என்னுடைய முறை, அவள் ஓடவில்லை என்றால் எனக்கு வேறு ஆள் இல்லை. அதனால்தான் சொல்லவில்லை. இதை எட்டு ஒன்பது வருஷமாக வேறு வேறு விதமாகச் சொல்லிப் பார்த்துவிட்டேன், எப்படிச் சொன்னாலும் இதுதான் மிஞ்சுகிறது.

வெள்ளிக்கிழமை இரண்டு பேருக்கு ஓடி முடித்துவிட்டு என்னிடம் வந்தாள். என் நம்பர் முப்பத்தொன்று. நானே அவள் முதுகில் ஊக்கு குத்தினேன். முதுகு ஈரமாக, சூடாக இருந்தது. இடது காலைத் தரையில் முழுக்க ஊன்றாமல் நின்றாள். அப்போது நான் என்ன சொன்னேன் தெரியுமா? கொஞ்சம் வேகமாக ஓடு, வெறும் 'நன்று' வந்தால் அம்மா திட்டுவாள் என்றேன். அதற்கும் அவள் சிரித்தாள். "ஓடுறது நானு, ஆர்டர் உன்னுதா" என்று சொல்லிவிட்டுப் போய்க் கோட்டில் நின்றாள். எனக்காக அவள் ஓடியதுதான் அந்த இரண்டு நாளில் எல்லோரையும்விட நல்ல நேரம்.

கடைசியாக அவளுடைய நம்பர். பன்னிரண்டு. மிஸ் போனைப் பிடித்துக்கொண்டு தயாராக இருந்தார். மூன்று சுற்று வந்தாள். நான்காவது சுற்றில், வாட்டர் டேங்க் பக்கத்தில், கீழே விழுந்த கம்மலைத் தேடுகிறவள் மாதிரி மெதுவாகக் குனிந்து உட்கார்ந்துவிட்டாள். கத்தவில்லை. மிஸ் போனை இறக்காமலே, எழுந்திரு கண்ணு, இன்னும் ரெண்டு ரவுண்டுதான் என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார். நாங்களும் எழுந்திரு எழுந்திரு என்றோம். அவள் காலைத் தொட்டுப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினாள். பன்னிரண்டாம் நம்பருக்கு நேராக 'முடிக்கவில்லை' என்று ஏறிவிட்டது.

சனிக்கிழமை அவள் அம்மா என்னையும் ஆஸ்பத்திரிக்கு வரச் சொன்னாள், சீட்டில் இங்கிலீஷில் எழுதியிருப்பதைப் படிக்க ஒரு ஆள் வேண்டுமென்று. லேடி டாக்டர் படத்தை வெளிச்சத்தில் வைத்துக் காட்டினார். முடி இழை மாதிரி ஒரு கோடு. ஒரே நாளில் விழுந்து உடைந்தது இல்லை, ஓயாமல் அடிபட்டு, ஆற நேரமில்லாமல் விட்டுப்போனது என்றார். என்ன சாப்பிடுகிறாய், கடைசியாக மாதவிலக்கு எப்போது வந்தது, எந்தத் தரையில் ஓடுகிறாய் என்று மூன்றே கேள்விதான் கேட்டார். பதில்களைக் கேட்டுவிட்டுப் பேனாவை மேஜைமேல் போட்டார். இந்த வயதில்தான் எலும்பு சேரும், சேர வேண்டிய நேரத்தில் இந்தப் பெண்ணின் உடம்பு இருக்கிறதையும் எடுத்துச் சாப்பிட்டிருக்கிறது என்று அவள் அம்மாவிடம் சொன்னார். அவள் அம்மா மடியில் இருந்த கையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். கையில் மீன் செதில் ஒன்று காய்ந்து ஒட்டியிருந்தது.

இந்த இரண்டு நாளில் எவ்வளவு ஓடினாய் என்று டாக்டர் கேட்டார். அவள் என்னைப் பார்த்தாள். பார்த்துவிட்டு, கொஞ்சம்தான் மேடம், பள்ளிக்கூடத்துத் தேர்வு ஒன்று ஓடினேன் என்றாள். நான் சீட்டைப் படிப்பதுபோல் தலையைக் குனிந்துகொண்டேன். ஆறு வாரம் மாவுக்கட்டு என்று அதில் இருந்தது. விடுதித் தேர்வுக்கு மூன்று வாரம்தான் இருந்தது.

இத்தோடு முடிந்திருந்தால் விபத்து என்று சொல்லித் தப்பித்திருப்பேன். ஆனால் மிஸ்ஸுக்கு மனசாட்சி உறுத்தியதோ என்னவோ, விடுதிக்காரர்களிடம் போனில் பேசிவிட்டு வந்தார். கட்டுப் போட்ட பெண்ணை ஓடச் சொல்ல முடியாது, பள்ளியின் உடல்தகுதி அட்டையில் நல்ல நேரம் இருந்தால் அதை வைத்து இடம் ஒதுக்கிவிட்டு, கால் சரியானதும் பார்த்துக்கொள்கிறோம் என்று அவர்கள் சொன்னார்களாம். அட்டையில் என்ன இருந்தது? முடிக்கவில்லை என்று இருந்தது.

திங்கட்கிழமை எங்கள் ஏழு பேரையும் விளையாட்டு அறைக்குக் கூப்பிட்டார். காற்றுப் போன பந்துகளும் ஒடிந்த டென்னிகாய்ட் வளையங்களும் கிடக்கிற அறை. மிஸ் கதவைச் சாத்தவில்லை. ஒரே ஒருத்தி ஒரு கடிதம் எழுதினால் போதும் என்றார். நம்பர் மாறிப்போச்சு, அந்த நேரம் அவளுடையது, முடிக்காதது நான் என்று. அதை வைத்து அவர் திருத்தம் கேட்பார், யாருக்கும் தண்டனை கிடையாது.

"ஒரே ஒரு வரிதான் கண்ணுங்களா. யாரு எழுதுறீங்க?"

யாரும் எழுதவில்லை. நான் பந்துகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு வாலிபாலில் தையல் விட்டு உள்ளே இருந்த ரப்பர் நாக்கு மாதிரி தொங்கியது. என் அம்மா ஏற்கெனவே சித்தி, பெரியம்மா, மாடி வீட்டு அக்கா எல்லோருக்கும் போன் போட்டுச் சொல்லியிருந்தாள். ஆண்டு விழாவில் மேடையில் சான்றிதழ் தருவார்கள், அப்பா லீவு போட்டுவிட்டு வருகிறார். இதை இழக்க எனக்கு மனசில்லை. பரோட்டாக்காரி எழுதட்டுமே, ஷூக்காரி எழுதட்டுமே என்று நினைத்தேன். மற்ற ஆறு பேரும் அப்படித்தான் என்னை நினைத்திருப்பார்கள். மிஸ் கையில் வைத்திருந்த வெள்ளைத் தாளை மடித்தார். அப்புறம், சரி, பெல் அடிச்சுடும் போங்க என்றார். அவர் ஏன் தானே எழுதவில்லை என்று இன்றைக்கும் எனக்குக் கோபம் உண்டு. கோபப்பட எனக்குத் தகுதி இல்லை என்பதும் தெரியும்.

வெளியே வந்தால் கதவுக்குப் பக்கத்துச் சுவரில் சாய்ந்துகொண்டு அவள் நிற்கிறாள், கட்டுக் காலைத் தூக்கிக்கொண்டு. எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். மற்ற ஆறு பேரும் கண்டும் காணாமல் போய்விட்டார்கள். நான் என்னவோ சொல்ல வாயைத் திறந்தேன்.

"வுடு. என் ரெகார்டு நோட்டு முடிஞ்சிச்சா?" என்றாள்.

முடிந்திருந்தது. எடுத்துக் கொடுத்தேன். பக்கத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, நல்லா கீது என்று சொல்லி அக்குளில் இடுக்கிக்கொண்டு நொண்டிப் போனாள்.

ஆண்டு விழாவுக்கு வந்த பிரமுகரை இரண்டு பேர் கைத்தாங்கலாக மேடை ஏற்றினார்கள். அவர் பெண்களின் எலும்பு உறுதியைப் பற்றி வாய் கிழியப் பேசினார். நாளைய தாய்மார்கள் என்றார், இரும்பு என்றார், எஃகு என்றார். பிள்ளை பெறுவதற்குத் தவிர எங்களுக்கு எலும்பு எதற்கு என்று அவருக்குத் தோன்றவே இல்லை. என் பெயரைக் கூப்பிட்டார்கள். நான் மேடைப் படி ஏறினேன், ஆறு படிதான், எனக்கு மூச்சு வாங்கியது. அப்பா எழுந்து நின்று போட்டோ எடுத்தார். அந்தப் போட்டோவில் நான் சிரித்துக்கொண்டிருக்கிறேன். அதைப் பார்த்தால் எனக்கு அந்த வியாழக்கிழமைச் சாக்கடை ஞாபகம் வரும்.

அவள் பத்தாம் வகுப்போடு நின்றுவிட்டாள். நான் படித்தேன். டிப்ளமோ இரண்டாம் வருஷம் ஹாஸ்டல் பாத்ரூமில் வழுக்கிக் கையை ஊன்றினேன், மணிக்கட்டு உடைந்தது. இவ்வளவு சின்னதாக விழுந்ததற்கு உடையக்கூடாதே என்று டாக்டர் மேலும் டெஸ்ட் எடுத்தார். வைட்டமின் டி அடிமட்டத்தில் இருந்தது, எலும்பு வயதுக்குரிய அடர்த்தியில் இல்லை. கடலுக்கும் வெயிலுக்கும் நடுவில் பிறந்து வளர்ந்தவள் நான். சின்ன வயதில் ஓடி விளையாடியிருக்கிறாயா என்று அவர் கேட்டார். அறுநூறு மீட்டரில் சான்றிதழ் வாங்கியிருக்கிறேன் சார் என்று என் வாய் சொன்னது. யோசிக்கக்கூட இல்லை. அவர் குழம்பிப்போய்ப் படத்தை மறுபடி பார்த்தார். அன்றைக்கு என்மேல் எனக்கு வந்த அருவருப்பு, மாவுக்கட்டுக்குள் வந்த அரிப்பு மாதிரி, சொறிய முடியாத இடத்தில் இருந்தது.

போன மாதம் ஒரு காலை, டோக்கன் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். ஒரு கண்டெய்னர் யார்டில் பெண் செக்யூரிட்டி வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள், அதற்கு முன் மார்பு எக்ஸ்ரே எடுத்து, மருத்துவச் சீட்டும் நிரப்பித் தர வேண்டும். நான்காவதாக உள்ளே வந்தவள் என்னைப் பார்த்து நின்றாள்.

"இன்னாமே முப்பத்தொண்ணு, இங்கதான் கீறியா?"

குரலில்தான் அடையாளம் தெரிந்தது. உடம்பு கொஞ்சம் போட்டிருந்தாள், கழுத்தில் தாலி. குப்பத்தில்தான் இருக்கிறாளாம், அம்மாவுக்கு இப்போது கூடை தூக்க முடியவில்லையாம். நான் சீட்டை எடுத்து ஒவ்வொன்றாகக் கேட்டேன். சர்க்கரை, ஆஸ்துமா, ஆபரேஷன். அடுத்த வரி, இதற்கு முன் எலும்பு முறிவு உண்டா. என் பேனா அங்கே நின்றுவிட்டது. கால் இப்போது எப்படி இருக்கிறது என்று கேட்டேன். அரை நாள் நின்றால் வலிக்கும், மழை வந்தால் வலிக்கும், அது பாட்டுக்கு அது என்றாள். போன தடவை வேறொரு கம்பெனியில் உண்மையைச் சொல்லி, நிற்கிற வேலைக்கு ஆகாது என்று திருப்பி அனுப்பிவிட்டார்களாம். மார்பைத்தானே படம் எடுக்கிறாய், காலை யார் பார்க்கப் போகிறார்கள், இல்லை என்று போடு என்றாள்.

நான் தயங்கினேன். கீழே கையெழுத்து என்னுடையது, நாளைக்கு டாக்டர் கேட்டால் நான்தான் மாட்டுவேன் என்றேன். சொல்லும்போதே அந்தக் காற்றுப் போன பந்துகள் கண்ணுக்கு முன்னால் வந்தன. அதே வாய், அதே பயம். இத்தனை வருஷத்தில் நான் ஒரு அங்குலம்கூட வளரவில்லை.

அவளுக்குக் கோபமே வரவில்லை. நாற்காலியில் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தாள்.

"ஏழு பேருக்கு ஓடினேன். எனுக்கு ஒருத்தி ஒரு வரி எய்தல. இப்போ எய்துமே."

எழுதினேன். 'இல்லை' என்று எழுதிக் கீழே கையெழுத்துப் போட்டேன். அவளை ஸ்டாண்டுக்கு முன்னால் நிறுத்தி, தோளை முன்னால் தள்ளி, மூச்சை இழுத்துப் பிடி, விடாதே என்றேன். நன்றாகப் பிடித்தாள். அவள் நுரையீரலுக்கு ஒரு குறையும் இல்லை.

சீட்டை வாங்கிப் பார்த்தாள். "எய்த்து அப்டியே கீதுடி, ரெகார்டு நோட்டுல இருந்த மாரியே" என்று சொல்லிவிட்டு வெளியே போனாள். எங்கள் சென்டர் முதல் மாடியில்தான் இருக்கிறது, இறங்கப் பதினெட்டுப் படி. அவள் லிஃப்ட் பட்டனை அழுத்திவிட்டு, வலது காலில் எடையைப் போட்டு, இடது காலைச் சும்மா தரையில் வைத்துக்கொண்டு நின்றாள். அந்த ரெகார்டு நோட்டுக்கு அப்புறம் அவளுக்காக நான் எழுதிய ஒரே வார்த்தை அந்த 'இல்லை'தான். அதுவும் பொய்.